துடைப்ப வண்டியும் என் இடது காலும்

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கிற மில்பிடாஸில் ரோட்டோரமாக நடந்துபோனால் பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். கால் நன்றாக இருந்த காலத்தில் ஒருநாள் கொத்தமல்லி வாங்க இந்தியக் கடைக்கு நடந்தே போனேன். வழியில் தெரிந்தவர் ஒருவரும் தெரியாதவர் ஒருவரும் காரை நிறுத்தி, "என்ன ஆச்சு, கார் பிரேக்டவுனா?" என்று விசாரித்தார்கள். கடைக்கார அம்மா, "ஏன், சேவியர் ஊர்ல இல்லையா?" என்றார். அந்த ஊரில் ஒரு பொம்பளை நடந்து வந்தால் ஒன்று கார் கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை புருஷன் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து, அதுவும் உள்ளே கம்பி வைத்த காலோடு, பிரான்ஸில் ஒரு குட்டிக் கிராமத்துக்குப் போய், மேடு பள்ளம் எல்லாம் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வந்து சொன்னபோது எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் நம்பவில்லை. லில்லி ஆன்ட்டி நேராகவே, "ஃபோட்டோ இருக்கா?" என்று கேட்டுவிட்டார். இருக்கிறது. ஆனால் ஃபோட்டோவில் எல்லாம் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கால் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு லிவர்மோரில் வேலை. தினமும் குன்றைத் தாண்டிப் போய் வர வேண்டும். ஒரு மழைநாள் காலையில் ஃப்ரீவேயில் டிராஃபிக் நின்றது, நானும் நின்றேன், எனக்குப் பின்னால் வந்த டிரக் மட்டும் நிற்கவில்லை. இடது தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்தது, ஆனால் வலது காலைவிட ஒரு விரல்கடை குட்டையாகச் சேர்ந்தது. அந்த விரல்கடையை ஈடுகட்ட ஒரு ஷூ செய்து கொடுத்தார்கள். கறுப்பு நிறம், இடது பக்கத்துக்கு மட்டும் தடித்த அடிப்பாகம், தூக்கினால் செங்கல் கனம். அது கண்ணில் படக்கூடாது என்று நான் எப்போதும் தரையைக் கூட்டுகிற நீளத்துக்குத்தான் பேன்ட் போடுவேன்.

எப்போதும் அதைப் போட்டுக்கொண்டால் நல்லது என்றுதான் டாக்டர் சொன்னார். சேவியர் அதைப் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாகச் சேர்த்துவிட்டார். சேவியர் என் கணவர். நல்ல மனிதர், பிரச்சினையே அதுதான். ஆக்சிடென்ட்டுக்குப் பிறகு தெருமுனை மெயில்பாக்ஸ் வரைக்கும் என்னைக் காரில் கூட்டிப்போகப் பார்த்தவர். தினமும் சாப்பிட்டு முடித்ததும், "கால் வலிக்குதா?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் கால் என்றால் இடது கால்தான். வலது கால் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டோம்.

இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று பெரிய பெரிய ஆட்கள் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. சேவியரின் கம்பெனி அவரை நடு பிரான்ஸில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியது. என்னைத் தனியாக விட்டுப்போக அவருக்கு மனசில்லை. "நீயும் வா ரீட்டா. நான் வேலைக்குப் போறேன், நீ ரூம்ல உக்காந்து சீனரி பாத்து ரெஸ்ட் எடு" என்றார். இரண்டு வருஷமாக ரெஸ்ட் மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு விமானம் ஏறிப் போகணுமா என்று தோன்றியது. ஆனாலும் கிளம்பினேன்.

போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு ஏதோ ஒரு புனிதர் பெயர். அந்தப் பக்கத்தில் எந்த ஊரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு புனிதர் பெயரைத்தான் சொல்கிறார்கள். நடுவில் ஊசிக் கோபுரம் வைத்த ஒரு கோயில், எதிரே ஒரு பேக்கரி, ஒரு காபிக்கடை, சுற்றிலும் புல் மேடுகள், அதில் வெள்ளை வெளேரென்று மாடுகள். அவ்வளவுதான் ஊர். நாங்கள் போன நேரத்தில் கடை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. சேவியர் பக்கத்து ஊருக்குக் காரை விட்டார், அங்கேயும் மூடியிருந்தது. அதற்கடுத்த புனிதரும் கைவிட்டுவிட்டார். கலிஃபோர்னியாவில் எந்த நேரமும் பால் வாங்கலாம். இங்கே பட்டப்பகலில் ஒரு துண்டு ரொட்டிக்கு வழியில்லை.

கடைசியில் வீட்டுக்காரிதான் சோறு போட்டாள். அவள் பெயர் ஒதீல். கீழே அவள், மாடியில் நாங்கள். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். சின்ன வயதில் இங்கிலாந்தில் ஏதோ ஹோட்டலில் வேலை பார்த்ததால் ஆங்கிலம் பேசுவாள். உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் அதில் சுற்றிவளைத்தல் கிடையாது. சூப், ரொட்டி, சீஸ் என்று கொண்டுவந்து வைத்தாள். சீஸைத் திறந்ததும் கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி வாடை. சேவியர் மூக்கைப் பிடிக்காத குறை. நான் பெட்டியிலிருந்து பருப்புப் பொடியை எடுத்து அந்தச் சீஸின் தலையில் தூவிச் சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது. ஒதீலும் ஒரு துண்டில் தூவிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர இன்னொரு துண்டு கேட்டாள்.

பிறகு மேஜைக்குக் கீழே பார்த்தவள், "உன் ஷூ அசிங்கமாக இருக்கிறது. உள்ளே கால் எப்படி இருக்கிறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போய்விட்டது. இரண்டு வருஷமாக எல்லோரும் என் காலைப் பற்றிச் சேவியரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடமே கேட்ட முதல் ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை காலையில் ரொட்டி வாங்கப் போனோம். பேக்கரி எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. நடக்கிறேன் என்றேன். "எதுக்கு ரிஸ்க்கு, நான் டிரைவ் பண்றேன்" என்று காரில் ஏற்றினார் சேவியர். பேக்கரி வாசலில் நிறுத்தக்கூடாதாம். கோயிலைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்த தூரம், வீட்டிலிருந்து நடந்திருந்தால் ஆகியிருக்கிற தூரத்தைவிட அதிகம். அதை அவரிடம் சொன்னேன். கேட்காத மாதிரி பேக்கரிக்குள் நுழைந்துவிட்டார்.

பேக்கரியில் எனக்கு ஒரு அவமானம் வேறு காத்திருந்தது. அமெரிக்கா பழக்கத்தில் நேராகப் போய், எனக்கு அது வேண்டும் என்று விரலை நீட்டினேன். கடைக்காரி அசையவில்லை. "போன்ஜூர்" என்றாள். சொல்லிவிட்டு நான் பதிலுக்குச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அங்கே முதலில் மனிதருக்கு வணக்கம், பிறகுதான் ரொட்டி. மறுநாள் நான் கடைக்காரிக்கு, வரிசைக்கு, வாசலில் கட்டியிருந்த நாய்க்கு என்று எல்லோருக்கும் போன்ஜூர் சொல்லிவிட்டேன். கடைக்காரி சிரித்துக்கொண்டே இருக்கிறதிலேயே முறுகலான ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் போனேன் என்றால் நடந்துதான் போனேன். சேவியர் வேலைக்குக் கிளம்பிய பிறகு. புதன்கிழமை பேக்கரியைத் தாண்டிக் கல் பாலம் வரைக்கும் போனேன். வியாழக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒதீலும் கூட வந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தேன். மில்பிடாஸில் நடக்கிறவர்கள் எல்லாம் டாக்டருக்குப் பயந்து அப்படித்தான் நடப்பார்கள். அவள் என்னைப் பிடித்து நிறுத்தி, "யார் துரத்துகிறார்கள்?" என்றாள்.

அவள் நடை வேறு மாதிரி. வேலியோரத்தில் கறுப்பாகப் பழுத்திருக்கிற முள் பழத்தைக் கண்டால் நின்று பறித்துத் தின்பாள். யார் வீட்டு முருங்கைக்காயையோ கேட்காமல் பறிப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் அது வேலியில் கிடப்பதால் ஊர்ச் சொத்தாம். எதிரே வருகிறவரிடம் நின்று பேசுவாள். மாடு மேய்கிற வெளியின் கதவைத் திறந்தால் மறக்காமல் சாத்துவாள். அது மட்டும் அந்தப் பக்கத்தில் சட்டம். ஊர்க்காரனாக இருந்தாலும் சரி, அமெரிக்காவிலிருந்து வந்தவளாக இருந்தாலும் சரி, திறந்தவர்தான் சாத்த வேண்டும். "வழி தப்பினால் கோபுரத்தைப் பார்த்து நட, வேறு ஒன்றும் வேண்டாம்" என்றாள். எந்த மேட்டில் ஏறினாலும் அந்த ஊசிக் கோபுரம் எங்கேயாவது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பேக்கரிக் கதவில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஊரில் நடை விழாவாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே சேர்ந்து மேடுகளைச் சுற்றி நடந்து வரும். வழியில் இரண்டு இடத்தில் சாப்பாடு. முடிந்ததும் மைதானத்தில் விருந்து. போட்டி கிடையாது, முந்தினவர் பிந்தினவர் கணக்குக் கிடையாது. சின்ன வட்டம் பத்து கிலோமீட்டர். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அது.

"வருகிறாயா?" என்றாள் ஒதீல்.

"முடியாமல் போனால்?"

"முடியாதவர்களுக்கு வண்டி இருக்கிறது" என்று அதன் பெயரைச் சொன்னாள். தமிழில் சொன்னால் துடைப்ப வண்டி. எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் மெதுவாக வரும். நடக்க முடியாமல் உட்கார்ந்தவர்கள், வழியில் விழுந்த தொப்பி, குடை எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டு மைதானத்தில் கொண்டுவந்து சேர்க்கும். அவர்கள் அதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் வேடிக்கையாக இல்லை. இரண்டு வருஷமாக என்னை ஏற்றி இறக்கியது போதும், எந்தத் துடைப்பத்துக்கும் நான் அகப்பட மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

சேவியரிடம் சொன்னதும் அவர் முகம் போன போக்கை வர்ணிக்க முடியாது. "பத்து கிலோமீட்டரா? லூசா நீ? கம்பி விலகிடுச்சுன்னா யாரு பாக்கறது? இங்க இன்ஷூரன்ஸ்கூட செல்லாது" என்று ஆரம்பித்தார். நான் ஒன்றும் பேசாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவினேன். நான் பேசாமல் இருந்தால் அவருக்குப் பயம் கூடும்.

பயம் கூடியதன் பலன் இரண்டாவது வாரம் தெரிந்தது. நானும் ஒதீலும் பழைய மில் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஏதோ உறுமியது. திரும்பினால், நாலு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டு, வாடகைக் கார். சேவியர் தொழிற்சாலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, எங்களைத் தேடிப் பிடித்து, பிரேதத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி மெல்ல வந்துகொண்டிருந்தார்.

"உன் கணவர் போலீஸா?" என்றாள் ஒதீல்.

அந்த நேரம் பார்த்து எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தது. ஒற்றையடிப் பாதையைவிடக் கொஞ்சம்தான் அகலம். பின்னால் எடுக்க வேண்டியது சேவியர்தான். இத்தனை வருஷமாக ஆட்டோமேட்டிக் ஓட்டிய கைக்குக் கியர் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. கார் ஒரு துள்ளு துள்ளி, பக்கத்து ஓடையில் பின்சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. டிராக்டரிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். பெயர் ஜெரார். கயிறு கட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்துப்போட்டார். பிறகு சேவியரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். ஒதீல் மொழிபெயர்த்தாள்: "உங்கள் மனைவி நன்றாக நடக்கிறார், உங்கள் காருக்குத்தான் உதவி தேவைப்படுகிறது என்கிறார்."

சேவியர் அன்று சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நான் நடக்கலாம். ஷூவைக் கழற்றக்கூடாது. வலித்தால் அடம்பிடிக்காமல் துடைப்ப வண்டியில் ஏறிவிட வேண்டும். ஏனென்றால் அதை ஓட்டப்போகிறவர் நமக்குத் தெரிந்த ஜெரார். "பிராமிஸ் பண்ணு" என்றார். "வலிச்சா ஏறுறேன். போதுமா?" என்றேன். அவர் மைதானத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகுவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. பக்கத்துப் புனிதர்களின் ஊரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கைத்தடிகள், நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், ஒரு ஓரத்தில் அக்கார்டியன் வாசிக்கிற ஒருவர். சேவியர் என் ஷூ நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டினார்.

கல் பாலம் தாண்டுவதற்குள் நான் கடைசி ஆளாகிவிட்டேன். தாண்டிப் போன ஒவ்வொருவரும், தைரியமாக நட என்று பொருள்படுகிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் பின்னால் ஜெராரின் வெள்ளை வேன். நான் நடந்தால் அது நகரும். நான் நின்றால் அது நிற்கும். அவர் பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அவ்வப்போது கண்ணாடியை இறக்கி, பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டுவார். நான் தலையை ஆட்டுவேன். அவர் மீசைக்குள் சிரித்துவிட்டு மறுபடி பேப்பர் படிப்பார். இப்படியே ஒரு மேடு ஏறி இறங்கினோம்.

முதல் சாப்பாட்டு நிறுத்தத்தில் காலை நேரத்திலேயே ஒயின் ஊற்றினார்கள். கூடவே அவித்த முட்டை, தொத்திறைச்சி, அந்தக் கருவாட்டுச் சீஸ். கைப்பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்ததும் ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். டப்பா காலி. இரண்டாவது நிறுத்தத்தில் ஒதீல் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியை மேலே தூக்கிக் கத்தினாள். "பாதிக்கு மேல் முடிந்துவிட்டது! வலிக்கிறதா?" இடுப்புக்குக் கீழே லேசாக இழுத்தது. ஆனால் அது வலி என்று சேவியரிடம் சொல்கிற அளவுக்கு இல்லை. "இல்லை" என்றேன். கடைசி ஆள் நான்தான் என்பதால் அங்கே மேஜை, பெஞ்சு எல்லாம் மடித்து ஜெராரின் வேனில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அவர் அதற்கு நின்றுவிட்டார். நான் முன்னால் நடந்தேன். அன்று முதன்முறையாக எனக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

மேட்டின் உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில். கல் சுவர், கல் கூரை, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். வாசலில் ஒரு படி. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை, பழக்கம் வேலை செய்தது. மில்பிடாஸ் சர்ச்சில் நான் ஷூவைக் கழற்றியதே இல்லை. அங்கே வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே கார்ப்பெட், எல்லோரும் ஷூவோடுதான் வருவார்கள். ஆனால் கல் படியையும், உள்ளே மாதா முன்னால் எரிகிற ஒரு மெழுகுவர்த்தியையும் பார்த்ததும் சொந்த ஊரான திருச்சியில், செருப்பை விட்டுவிட்டு நுழைகிற கோயில் வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. குனிந்தேன், சேவியர் போட்ட இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன், ஷூவை ஜோடியாகப் படியோரம் வைத்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். என்ன செய்கிறேன் என்றுகூடத் தோன்றவில்லை. கனமான கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணை மூடி ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன். வெளியே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜெரார் எனக்காகக் காத்திருப்பார் என்று நினைத்து இன்னொன்றும் சொன்னேன்.

வெளியே வந்தால் வேன் இல்லை. ஷூவும் இல்லை.

கோயிலைச் சுற்றி வந்தேன். பிறகு வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. வழியில் கிடக்கிற பொருளை அள்ளுவதுதான் அந்த வண்டியின் வேலை. பிரான்ஸில் யாராவது கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி வைப்பார்களா? யாரோ மறந்துவிட்டுப் போன பழைய ஷூ என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். நீளப் பேன்ட்டுக்குள் நான் ஒளித்து வைத்திருந்ததால் அது என் ஷூ என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ குறுக்கு வழியில் இறங்கி முன்னால் போய்விட்டேன் என்று நினைத்து வண்டியை விட்டுவிட்டார். அகப்பட மாட்டேன் என்று நான் சபதம் போட்ட துடைப்பத்துக்கு என் ஷூ அகப்பட்டுவிட்டது.

கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் இனி ஒருவரும் வரமாட்டார்கள். படியில் உட்கார்ந்தேன். இங்கேயே உட்கார்ந்திருந்தால் எப்படியும் தேடி வருவார்கள். சேவியரே வருவார். வந்து, ஒன்றும் திட்டாமல், கைத்தாங்கலாகத் தூக்கிக் காரில் வைப்பார். அதன்பிறகு இந்த ஜென்மத்துக்கு நான் மெயில்பாக்ஸ் வரைக்கும்கூடக் காரில்தான் போக வேண்டும். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. எழுந்துவிட்டேன்.

வண்டிப் பாதை முழுக்கக் கூர்மையான சரளை. இரண்டு அடி வைத்ததும் வெறுங்காலுக்கு அது ஆகாது என்று தெரிந்துவிட்டது. பாதைக்குக் கீழே புல் சரிவு. அதற்கு அப்பால், கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற மாதிரி, ஊசிக் கோபுரம். மரக்கதவைத் திறந்தேன், மறக்காமல் சாத்தினேன், புல்லில் இறங்கினேன்.

அந்த முதல் பத்துப் பன்னிரண்டு அடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஈரப்புல், மெத்தென்று இருந்தது. விழுந்துவிடுவேன் என்று கையை விரித்துக்கொண்டு நடந்தேன். விழவில்லை. நொண்டக்கூட இல்லை. நின்று காலைப் பார்த்தேன். சரிவில் நேராக இறங்காமல் குறுக்காக நடந்துகொண்டிருந்தேன். மேடு என் இடது பக்கம். குட்டைக் கால் மேட்டில் படுகிறது, நெட்டைக் கால் பள்ளத்தில் படுகிறது. டாக்டர் ரப்பரில் வைத்துக் கொடுத்த ஒரு விரல்கடையை அந்த மலை எனக்குப் புல்லில் வைத்துக் கொடுத்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆளில்லாத இடம், யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டவை மாடுகள்தான். சரிவின் நடுவில் ஒரு கூட்டமே வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றும் ஜெராரின் வேன் அளவு. போன்ஜூர் சொன்னேன். அசையவில்லை. பிறகு நம் ஊரில் சொல்கிற மாதிரி நாக்கை மடித்து, "ஹேய், ஹை, ஹை, நவுரு" என்று அதட்டினேன். பெரிய மாடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மற்றவையும் ஒதுங்கின. திருச்சிப் பக்கத்து அதட்டல் எங்கேயும் செல்லுபடியாகும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சரிவு முடிந்து கீழ்க் கதவைச் சாத்தியபோது சமதரை வந்துவிட்டது. அங்கேதான் உண்மையான சோதனை. மலை உதவிக்கு இல்லை, ஷூவும் இல்லை. நொண்டினேன். இரண்டு வருஷமாக யாரும் பார்க்கக்கூடாது என்று மறைத்து வைத்த நொண்டலை, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஊர் பார்க்க நொண்டினேன். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம், பிடிக்காமல் கொஞ்சம். வலித்ததா என்று கேட்டால் வலித்தது. பிராமிஸ் ஞாபகம் வந்தது. வலித்தால் வண்டியில் ஏறுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். வண்டி எங்கே இருக்கிறது ஏற?

அந்த நேரத்தில் மைதானத்தில் நடந்ததை, தன் காரில் முன்பே அங்கே போய்விட்ட ஒதீல் பிறகு எனக்கு நடித்தே காட்டினாள். ஜெரார் வந்து, அள்ளிய பொருள்களை மேஜையில் பரப்பியிருக்கிறார். ஒரு குடை, ஒரு குழந்தைத் தொப்பி, என் ஷூ. மைக் வைத்திருந்தவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, யாருடையது என்று கேட்டிருக்கிறார். ஷூவைத் தூக்கியதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேவியர் பாய்ந்திருக்கிறார். ஆங்கிலம் எல்லாம் அவருக்கு மறந்துபோய்விட்டது. ஜெராரின் சட்டையைப் பிடித்து, "யோவ், என் வைஃப் எங்கய்யா? ஷூவ மட்டும் கொண்டாந்திருக்க!" என்று சுத்தத் தமிழில் கத்தினாராம். ஜெராருக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் முழுசாகப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், "ஏறு, ஏறு" என்று சேவியரை வேனுக்குள் தள்ளிக் கிளப்பியிருக்கிறார்.

வேன் மைதானத்து வாசலைத் தாண்டும்போது நான் கல்லறைச் சந்திலிருந்து வெளியே வந்தேன்.

முன் சீட்டில் சேவியர், மடியில் என் ஷூ, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அந்த வருஷ நடை விழாவில் துடைப்ப வண்டி ஏற்றிய ஒரே ஆள் என் கணவர்தான். இதை நான் சொல்லவில்லை, அன்று மதிய விருந்தில் மைக்கிலேயே சொன்னார்கள்.

வேன் நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தார். "ரீட்டா, என்னம்மா இது, நட... நடக்காத, அப்டியே நில்லு, போட்டு விடறேன்" என்று ரோட்டிலேயே முழங்கால் போட்டார். நாடாவில் விரல் நுழையவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பத்தடி தள்ளிப் புல்லில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. அதுதான் எல்லை.

"செத்த இருங்க. அதத் தாண்டிட்டு வந்து போட்டுக்கறேன்" என்றேன்.

அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் நொண்டி நொண்டிப் போய், வெறுங்காலோடு, இடது காலை முதலில் வைத்துக் கோட்டைத் தாண்டினேன். அக்கார்டியன்காரர் எதையோ வேகமாக வாசிக்க ஆரம்பித்தார். கைதட்டல் மழைபோல் விழுந்தது. ஒதீல் என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள், அவள் கன்னமெல்லாம் ஈரம். ஜெரார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நூறு மன்னிப்புக் கேட்டார். அவர் ஷூவை எடுத்திராவிட்டால் நான் அந்தப் புல்லில் கால் வைத்திருக்கவே மாட்டேன் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்ல?

பெஞ்சில் உட்கார்ந்தேன். சேவியர் என் எதிரில் தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையால் என் இடது பாதத்தில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார். தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன். "ரெண்டும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தாங்க. ஒரே மாதிரி வலிக்குது."

அப்போதுதான் அவர் குனிந்து என் வலது காலைப் பார்த்தார்.